ஆடிக்கு ஒரு ஊசி, தீபாவளிக்கு ஒரு ஊசி

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் ஒகேனக்கலில் தலை முழுகி, குலசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு, விடிந்ததும் பாதிச் சனம் பெங்களூருக்குக் கிளம்பிவிடும். சாக்குப் பையில் ராகி மாவு, பழைய போர்வை, ஒரு பிளாஸ்டிக் குடம், இடுப்பில் பிள்ளை. பென்னாகரம் வட்டாரத்தில் மானம் பார்த்த காடுதான் அதிகம். நிலக்கடலையும் ராகியும் போட்டு எடுத்த பிறகு மிச்ச மாதங்களைக் கட்டட வேலையிலோ செங்கல் சூளையிலோதான் ஓட்ட வேண்டும். அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் 16 வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன்.

2024-ல் அப்படி ஒரு மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். 23 வயது இருக்கும். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கடையில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகிற வரைக்கும் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நகர்ந்ததும், "அக்கா, நாள் பாக்கற கார்டு ஒண்ணு குடுங்க" என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்தாள். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து கார்டை மேஜை மேல் வைத்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கோடு, கர்ப்பம்தான்.

"ஊசி போட்டிருந்தேனேக்கா" என்று மட்டும் சொன்னாள். குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்த பாலிதீன் கவருக்குள்ளிருந்து இன்னொரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா கருத்தடை ஊசியின் அட்டை. பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 24-ல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டிருக்கிறாள். அடுத்த தேதி மே 24 என்று நீல மையில் எழுதியிருந்தது. மார்ச்சில் வீட்டுக்காரரோடு பெங்களூர் போய்விட்டாள். மே 24 அன்று கே.ஆர்.புரம் பக்கம் ஒரு கட்டடத்தில் ஆறாவது மாடிக்குச் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஊருக்கு வரவே இல்லையா?"

"ஜூன் முதல் வாரம் வந்தேங்க்கா. பெரியவனைப் பள்ளிக்கூடத்துல சேக்க. மூணு நாள் இருந்தேன். தேதிதான் போயிடுச்சேன்னு ஆஸ்பத்திரிக்குப் போகல."

நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்தரா ஊசியின் வீரியம் மூன்று மாதம். ஆனால் குறித்த தேதிக்கு நாலு வாரம் பிந்திப் போனாலும் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரம் முந்தியும் போட்டுக்கொள்ளலாம். ஜூன் முதல் வாரம் அவள் வந்தபோது இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. துணை சுகாதார நிலையம் அவள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம். ஊசி அங்கே இருந்தது, அவளும் இருந்தாள். நாலு வாரக் கணக்கை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மாதவிடாய் நின்றும் அவள் பதறவில்லை. "ஊசி போட்டா தலைக்கு ஊத்தறது நின்னு போவும், பயப்படாத"ன்னு நர்சம்மா சொன்னதை மறக்காமல் வைத்திருந்தாள். அது உண்மைதான், அந்த ஊசிக்கு அப்படி ஆகும். அதனாலேயே ஜூலை முழுக்கச் சந்தேகமே வரவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது, கருத்தடை முறை பலிக்காமல் போனதால் உண்டான கர்ப்பத்துக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலே போதும், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, எந்தக் கடையிலும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தனியாக ஷெட்டில் ரத்தப்போக்கோடு படுத்துவிடாதே என்பதையெல்லாம் சொன்னேன். அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "இனிமே ஆபரேஷன்தான்க்கா" என்றாள்.

அந்த வார்த்தையை இந்த மேஜைக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். எங்கள் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன். வேறு அர்த்தம் கிடையாது. "அவளுக்கு எல்லாம் ஆயிடுச்சு" என்றால் ரெண்டாவது பிள்ளையோடு ஆபரேஷனும் ஆகிவிட்டது என்று அர்த்தம். 17 வயதில் கல்யாணம், 18-ல் ஒன்று, 20-ல் ஒன்று, 20-லேயே ஆபரேஷன். உடம்பு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது, அதற்குள் பிள்ளைப்பேறு முடிந்துபோயிருக்கும். நடுவில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் இடைவெளி விட்டு, ரத்தம் ஊறி, எடை ஏறி, ஒரு தொழிலைக் கற்று, பிறகு இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்கிற பேச்சு வசதியான வீடுகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கிறது.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இப்போது தொகுதி மறுவரையறைப் பேச்சு வந்த பிறகு, மேடைகளில் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குறைத்துக்கொள் என்றாலும் கூட்டிக்கொள் என்றாலும், பெற்றெடுக்கிறவளின் வயதையும் ரத்தத்தின் அளவையும் கையிலிருக்கும் காசையும் கேட்டுவிட்டுச் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. எனக்கு அந்த எண்ணிக்கை முக்கியமில்லை. அந்தப் பெண் பெற்றுக்கொள்ள நினைத்தபோது பெற்றாளா என்பதுதான் முக்கியம்.

என் அம்மாவுக்கு 1986-ல் ஆபரேஷன் ஆனது. அம்மாவுக்கு வயது 24. நான், தங்கை, தம்பி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வரிசையாகப் பெண்களைப் படுக்க வைத்திருந்தார்களாம். "வயித்துல காத்தடிச்சு ஊதவெச்சாங்க, அப்பறம் என்ன பண்ணாங்கன்னு தெரியல" என்று அம்மா சொல்லும். வயிற்றுக்குள் வாயு செலுத்தி, குழாய் வழியாகப் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் அது, இப்போது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை. சாயங்காலமே வேனில் கொண்டுவந்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டார்கள். நாலாம் நாள் களை வெட்டப் போனது. கேட்டால், "வேற வழி இருக்குன்னு எவ சொன்னா? அது ஒண்ணுதான் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்கும்.

அந்த முகாம்களின் கதை எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள், பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்றைக்கு ஆஸ்பத்திரியில், பிரசவத்தோடு சேர்த்து, முறையாகத்தான் ஆபரேஷன் நடக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போதும் என்று ஒரு பெண் தானாக முடிவெடுத்தால் அதைவிட நிம்மதியானது வேறில்லை. என் குறை, 1986-ஐப் பற்றி என் அம்மா சொன்ன வாக்கியத்தை 2024-ல் பஸ் ஏறும்போது அந்தப் பெண்ணும் வேறு வார்த்தையில் சொன்னதுதான்.

இதற்கு நடுவில் சும்மா இருந்துவிடவில்லை அரசாங்கம். 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக எடுத்துக்கொண்ட முதல் நாடு இது. 2017-ல் அந்தரா ஊசியும் சாயா என்கிற கருத்தடை மாத்திரையும் இலவசத் திட்டத்துக்குள் வந்தன. சாயாவைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மருந்து அது, நம் நாட்டுச் சரக்கு. ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பால் கொடுக்கிற தாயும் சாப்பிடலாம். தினமும் போடுகிற மாலா-என் மாத்திரையைப் பால் கொடுக்கிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் கொடுக்கக்கூடாது, அந்த இடத்தில் சாயா சரியாகப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற அன்றைக்கு ஒரு மாத்திரை, புதன்கிழமை ஒன்று என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது மறக்காது. இத்தனை நல்ல மாத்திரை, காசில்லாமல் கிடைக்கிற மாத்திரை. என் கடைக்கு வருகிற பத்துப் பெண்களிடம் கேட்டால் ஒருத்திக்குப் பெயர் தெரிந்திருந்தால் அதிகம்.

நர்சம்மாக்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, புதன்கிழமைத் தடுப்பூசி, பிரசவத் தேதி நெருங்கியவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை, இது அத்தனையையும் போனில் ஏற்றுவது. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக் காட்டிலோ ஒரு குக்கிராமத்துக்குப் போய் வர ஒரு முழு நாள் போய்விடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களுக்குத் தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடித்து, "உனக்கு எப்ப அடுத்த பிள்ளை வேணும்?" என்று கேட்கிற நேரம் அவர் கையில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தங்கைக்கு முதல் பிரசவம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆனது. சுகப்பிரசவம், பெண் குழந்தை, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். குழந்தைக்கு மூன்று வயதானதும் அடுத்ததை எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஆறு மாதம் போய், ஒரு வருஷம் போனது. மாமியார் வாயைத் திறக்க ஆரம்பித்தார். தீர்த்தமலைக்குப் போனாள், செவ்வாய் வெள்ளி விரதம் இருந்தாள், நாட்டு வைத்தியம் பார்த்தாள். எல்லாம் பார்த்த பிறகு ஒன்றரை வருஷம் கழித்து தருமபுரியில் ஒரு ஸ்கேன் எடுத்தபோது டாக்டர், "காப்பர்-டி இருக்கேம்மா, எடுக்காம எப்படித் தங்கும்?" என்று கேட்டார். கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம் அது. தங்கைக்குக் காப்பர்-டி என்றால் என்ன என்றே தெரியாது. பிரசவ மேஜையிலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மூலையில் நாலு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. மருந்துக் கடை நடத்துகிற நானே அந்தச் சீட்டைப் பார்த்தவள்தான், என் கண்ணிலும் படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

காப்பர்-டி மோசமான பொருள் என்று நான் சொல்லவே மாட்டேன். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் தாங்கும், ஐந்து வருஷ ரகமும் உண்டு. எடுத்த உடனே பிள்ளை தங்கும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஏழைப் பெண்ணுக்கு இதைவிட வசதியானது குறைவு. கேட்டு வைத்திருந்தால் என் தங்கையே அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். கேட்காமல் வைத்ததால், எங்கள் தெருவில் பதினைந்து இருபது பெண்கள் இன்றைக்குக் காப்பர்-டி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். "உனக்கே தெரியாம வெச்சிருவாங்க" என்று பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்குப் பாட்டிமார்கள் எச்சரிக்கை சொல்லி அனுப்புகிறார்கள். தங்கைக்குப் போனது ஒன்றரை வருஷம். தெருவுக்குப் போன நம்பிக்கையைத் திரும்ப உண்டாக்க எத்தனை வருஷம் ஆகுமோ.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. காப்பர்-டி வேண்டும் என்று தானாகப் போகிறவளிடம் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்பார்கள். எந்த விதியிலும் அப்படி இல்லை. ஆபரேஷனுக்கே கணவனின் கையெழுத்து கட்டாயமில்லை, காப்பர்-டிக்கும் ஊசிக்கும் எங்கிருந்து வரும்? இதை நான் கடையில் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் சொல்லுங்கள், உங்கள் தோட்டத்தில் பூப்பறிக்க வருகிறவளிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். மேலே சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 37.9. ஆணுக்குச் செய்தது 0.3. ஆணுக்குச் செய்வது கத்தியில்லாத, தையலில்லாத, கால் மணி நேர வேலை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரே பயம், பாரம் தூக்க முடியாமல் போய்விடும் என்பது. உடம்பை மட்டும் நம்பிப் பிழைக்கிறவனின் பயம் அது, சிரிக்கிற விஷயமில்லை. எமர்ஜென்சி காலத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள் என்ற கதை பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பாரம் தூக்குவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆண்மைக்கும் சம்பந்தமில்லை, விந்துக் குழாயில் மட்டும்தான் கை வைக்கிறார்கள். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: செய்த உடனே பலன் வராது, மூன்று மாதம் வரை நிரோத் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு, இரண்டாம் மாதம் மனைவி முழுகாமல் ஆகி, அவள் மேல் சந்தேகப்பட்டு அடித்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். ஒரே ஒரு வரி விளக்கம் இல்லாததால் அவள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

ஆபரேஷன் செய்துகொள்ளும் ஆணுக்கு 1,100 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு மேஸ்திரிக்கு இரண்டு நாள் கூலிக்கு வராது. போகும் செலவு, கூட ஒரு ஆள், இரண்டு மூன்று நாள் ஓய்வு என்று கணக்குப் பார்த்தால் கையை விட்டுப் போகிறது. ஏழைக்கு இலவசம் என்பது பாதி உண்மைதான். மருந்து இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இப்போது இலவசம். அந்த நாளின் கூலி யார் கொடுப்பது? சுகாதார நிலையம் திறந்திருக்கிற நேரமும் சித்தாள் வேலை செய்கிற நேரமும் ஒன்றே. பெங்களூர் ஷெட்டில் இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்றைக்கு அங்கேயும் ஊசி போட ஆள் கிடையாது.

ஓசூரின் கதை வேறு. அங்கே சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் பத்துப் பேர் ஒரு அறையில் தங்கியிருக்கிறார்கள். கையில் சம்பளம் இருக்கிறது, வீடு தூரத்தில் இருக்கிறது, மனசுக்குப் பிடித்தவன் ஒருவன் இருக்கலாம். ஏதாவது ஆகிவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறாளோ அவ்வளவு நல்லது. அது கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை. கரு உண்டாகாமல் தடுப்பது, உண்டாகிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான். எனக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் நான் பல தடவை கேட்டும் வந்ததில்லை. "அதெல்லாம் நம்ம பக்கம் ஓடாதும்மா, பிரச்சனை" என்றார். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கிடைக்கிறது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் கேட்கலாம்தான். கல்யாணமாகாத பெண் எப்படிப் போய்க் கேட்பாள்? 2021-ல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது "கணவன்" என்று இருந்த இடத்தில் "துணைவர்" என்று மாற்றினார்கள். கருத்தடை பலிக்காமல் போனால் கல்யாணமாகாதவளுக்கும் அந்த உரிமை உண்டு. சட்டம் மாறினாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் பார்வை மாறவில்லை.

18 வயதுக்குள் கல்யாணம் ஆன பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அது இன்னும் நடக்கிறது. போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் 16 வயதுப் பெண்ணை வீட்டார் எங்கேயும் கூட்டிப்போவதில்லை. மாத்திரைக்கும் இல்லை, பரிசோதனைக்கும் இல்லை. வலி வந்த பிறகு, எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, முதல் தடவையாக ஒரு டாக்டரைப் பார்க்கிறாள். இதற்கு எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளையைத் தண்டிக்கிற மாதிரி வழி இருக்கக்கூடாது என்று மட்டும் தெரிகிறது.

வழி தெரிகிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது எங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான், சூளகிரி அருகே சாமனப்பள்ளி கிராமத்தில். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டுக்கே வரும் என்றார்கள். வந்தது. மகளிர் குழுவிலிருந்து எடுத்த தன்னார்வலர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார். என் அம்மாவின் பிரஷர் மாத்திரை அப்படித்தான் வருகிறது. அதே திண்ணையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் மருமகள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பையில் இரண்டு அட்டை சாயாவும் நாலு பாக்கெட் நிரோத்தும், நாள் பார்க்கிற கார்டும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆஷா என்கிற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கருத்தடைச் சாதனம் கொடுக்கிற திட்டம் 2011-லேயே நாட்டில் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் மட்டும்தான். மற்ற ஊர்களில் அந்த இடம் காலி. வீடுவீடாகப் போகிற காலும் பையும் ஏற்கனவே இருக்கின்றன. எங்கள் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் ஓட்டு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். ரோடு இல்லை என்று ஒரு தேர்தலையும் நிறுத்தியதில்லை.

இரண்டாவது விஷயத்துக்கு அரசாணைகூட வேண்டாம், ஒரு காலண்டர் போதும்.

அந்தப் பெண் போன பிறகு ராத்திரி கடையை மூடிவிட்டு நாள்காட்டியை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் சனம் பெங்களூரிலிருந்து எப்போதெல்லாம் ஊருக்கு வருகிறது? பொங்கலுக்கு வரும். மாரியம்மன் பண்டிகைக்கோ, யுகாதிக்கோ, பிள்ளைகளின் முழுப் பரீட்சை லீவுக்கோ ஏப்ரலில் ஒருமுறை வரும். ஆடிப் பதினெட்டுக்கு வரும். தீபாவளிக்கு வரும். எண்ணிப் பார்த்தேன். தையிலிருந்து சித்திரைக்கு 13 வாரம். சித்திரையிலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு 16 வாரம், அந்த நாலு வாரச் சலுகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆடியிலிருந்து தீபாவளிக்கு 11 முதல் 15 வாரம். தீபாவளி அக்டோபரில் வந்தால் பொங்கல் பெரும்பாலும் சரியாக வருகிறது. நவம்பரில் வந்தால் ரொம்ப முந்திவிடுகிறது, கணக்கு இடிக்கிறது. அந்த வருஷம் அடுத்த ஊசியைப் பெங்களூரிலேயே போட வேண்டும். அதுவும் முடியும். அந்தரா நாடு முழுக்க ஒரே திட்டம், கர்நாடக அரசு ஆஸ்பத்திரியில் இருப்பதும் அதே ஊசிதான். அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். அட்டையை ஊரில் அலமாரியில் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

எப்போதோ ஒருமுறை தலைகாட்டுகிறவரை ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை வருகிறவர் என்போம். அந்த ஆடிக்கொரு தடவையே இந்த ஊசிக்குப் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது கடையில் மருந்து போட்டுக் கொடுக்கிற காகித உறையின் பின்பக்கம் நானே எழுதிக் கொடுக்கிறேன். ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, "இதுக்கு மேல தாண்டாத" என்று அடிக்கோடு போட்ட நாலு வாரக் கடைசித் தேதி, பக்கத்தில் எந்தப் பண்டிகை வருகிறதோ அது. ரத்தப்போக்கு முன்னே பின்னே இருக்கும், அது வழக்கம், ரொம்பப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போ. நிறுத்தினால் பிள்ளை தங்க ஏழு, எட்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், அவசரப்படாதே. இதையும் சொல்வேன். படிக்கத் தெரியாதவளுக்கு விளக்குப் படமும் பட்டாசுப் படமும் வரைந்து தருகிறேன். பண்டிகைக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்து நர்சம்மா வந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறார், அந்த அளவுக்கு ஊசி எடுத்து வைக்கிறார். பண்டிகைக்கு மறுநாள் காலையில், பஸ் ஏறுவதற்கு முன்னால், ஏழரை மணிக்கே கதவைத் திறந்து வைக்கிறார். யாரும் அவருக்கு அப்படி உத்தரவு போடவில்லை.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். ஆண் குரல், பின்னால் கலவை இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"அக்கா, நான் ஏரியூர்ல இருந்து வருவனே, சின்னப் பாப்பாவுக்குச் சளி மருந்து வாங்கினேனே. நம்ம வூட்ல அவளுக்கு ஊசித் தேதி நாளன்னிக்கிங்க. இங்க கான்கிரீட் ஓடுது, மேஸ்திரி விட மாட்டேங்கறான். நாலு வாரம் தாங்கும்னு எழுதியிருக்கீங்களே, அது நெசந்தானா?"

"நெசம்தான் சாமி. ஆனா கடைசி நாள் வரைக்கும் இழுக்காத. நீங்க இருக்கற எடத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரி எங்கன்னு விசாரி. அட்டை கையில இருக்கா?"

"இருக்குதுக்கா. அவ மணிபர்ஸ்ல வெச்சிருக்கா."

"போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துச் சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. தகரச் சுவருக்கு எதிரே, டார்ச் வெளிச்சத்தில், சிமெண்டு வெடிப்பு விட்ட ஒரு விரல் அட்டையைப் பிடித்திருந்தது. மூன்று தேதிகள் வரிசையாக, ஒன்றுகூடத் தவறாமல். நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

அடுத்த ஞாயிறுக்கு முந்தின நாள் மறுபடி ஒரு போட்டோ வந்தது. நாலாவது கட்டத்தில் கன்னட எழுத்தில் ஒரு முத்திரை.